தாய் தந்தையர் இசைவு

வினயபிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு விதி உண்டு. பெற்றோரின் இசைவு பெறாத பிள்ளைக்குத் துறவு கொடுத்தலாகாது. கொடுக்கும் பிக்கு குற்றத்திற்கு ஆளாவார் என்பது அவ்விதி. இலங்கையிலாயினும் மியன்மாவிலாயினும் நம் நாட்டிலாயினும், உபசம்பதை பெற வருபவரைச் சங்கத்தின் நடுவே நிறுத்திக் கேட்கும் கேள்விகளுள், தாய் தந்தையர் உத்தரவு பெற்றிருக்கிறாயா என்பதும் ஒன்றாக இன்றும் நிலைத்திருக்கிறது. சடங்கின் ஒரு பகுதியாக இதனைக் கேட்டுவிட்டு நாம் கடந்துபோகிறோம். இது பிறந்த வரலாற்றை இம்மாதப் பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம்.

பகவான் போதி பெற்றபின் கபிலவத்துவுக்குச் சென்றார். யசோதரை தம் மகன் இராகுலனை அழைத்து, அதோ செல்பவரே உன் தந்தை, உனக்குரிய பிதிரார்ச்சிதத்தை அவரிடம் கேள் என்று சொல்லி அனுப்பினார். சிறுவன் பின்தொடர்ந்து சென்று கேட்டான். பகவான் சாரிபுத்தரை நோக்கி, இவனுக்குத் துறவு கொடுப்பாயாக என்றார். தந்தையிடம் இருந்த செல்வம் அதுவே. அதனையே மகனுக்கு அளித்தார். இதில் குறை காண யாருக்கு மனம் வரும்? ஆயினும் சுத்தோதன அரசர் நிக்குரோத வனத்திற்கு வந்து ஒருபுறம் அமர்ந்தார். தம் மகன் அரண்மனையை விட்டுச் சென்ற நாளில் தமக்கு உண்டான துயரத்தையும், பின்னர் நந்தன் சென்றபோது உண்டானதையும், இப்போது பேரன் சென்றதையும் எடுத்துரைத்தார். பிள்ளைப்பாசம் தோலோடு நிற்பதன்று, எலும்பின் உள்ளே வரை அறுத்துச் செல்வது என்று பொருள்பட முறையிட்டார். பின்பு ஒரு வரம் கேட்டார்.

அவர் கேட்ட வரத்தை நாம் கவனிக்க வேண்டும். இராகுலனைத் திருப்பித் தாரும் என்று அவர் கேட்கவில்லை. இனி எந்தப் பெற்றோரின் பிள்ளையையும் அவர்கள் இசைவின்றிப் பிக்குகள் ஏற்க வேண்டாம் என்றே கேட்டார். தாம் இழந்ததை இழந்தவராகவே இருந்துகொண்டு, முன்பின் அறியாத தாய்தந்தையருக்காக அக்கிழவர் மன்றாடினார். பகவான் அவ்வாறே விதி செய்தார். துறவின் பெருமையை எடுத்துக்கூறி அவர் வாயை அடைக்கவில்லை. பிள்ளையின் நன்மைக்காகவே செய்தோம் என்று சமாதானம் சொல்லவுமில்லை. உலகிலுள்ள கொடைகளுள் மிக உயர்ந்ததைக் கொடுப்பவருங்கூடத் தாய்தந்தையரைக் கேட்டே கொடுக்க வேண்டும் என்பது அன்று முடிவாயிற்று.

இவ்விதி பிறந்த நாட்டிலேயே, இதற்கு நேர்மாறான ஒரு சட்டம் நம் பாட்டனார் காலத்தில் நடைமுறையில் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று தமிழர் அதனை வழங்குவர். 1871ஆம் ஆண்டு வடநாட்டிற்கென இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டின் புதிய சட்டத்தினால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1924இல் மீண்டும் தொகுக்கப்பட்டது. ஒரு சாதியை அல்லது குலத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால், அதில் பிறந்தவர் பெயரெல்லாம் பதிவேட்டில் ஏறும். விரல் ரேகை எடுக்கப்படும். காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். சீட்டில்லாமல் ஊர் விட்டு ஊர் செல்லக்கூடாது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில், ரேகைப் பதிவை எதிர்த்த பிறமலைக் கள்ளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் தமிழ்நாட்டில் நினைவுகூரப்படுகிறது.

பலர் அறியாதது பிள்ளைகளைப் பற்றிய பிரிவு. 1897ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே, 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாய்தந்தையரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழி செய்யப்பட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதை 6 முதல் 18 வரை என்று வகுத்தது. தொழிற்பள்ளி, விவசாயப் பள்ளி, சீர்திருத்தப் பள்ளி ஆகியவற்றை மாகாண அரசாங்கம் நிறுவலாம்; அப்பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் பாதுகாவலரிடமிருந்தும் அகற்றி அங்கே வைக்குமாறு ஆணையிடலாம். பிள்ளை ஏதேனும் குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அப்பள்ளியின் கண்காணிப்பாளரே, 1850ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி, பிள்ளைக்குப் பாதுகாவலராகக் கருதப்படுவார். அவர் விரும்பினால் பிள்ளையை ஒரு தொழிலில் ஒப்பந்தம் செய்துவிடலாம். தாய் உயிரோடிருக்கிறாள், தந்தை உயிரோடிருக்கிறான். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அப்பிள்ளைக்கு உரியவர் வேறொருவர். சுத்தோதனர் கேட்டு வாங்கிய வரம் ஓர் அரசாங்கத்தின் எழுத்தினால் இவ்வாறு அழிக்கப்பட்டது.

யார் இவர்கள்? குறவரை எடுத்துக்கொள்வோம். ஆந்திர நாட்டில் எருகுலர் என்றும், கன்னட நாட்டில் கொரமர், கொரச்சர் என்றும் இவர்களுக்குப் பெயர். மாடுகளின் மேலும் கழுதைகளின் மேலும் பொதியேற்றிக் கடற்கரையின் உப்பை உள்நாட்டிற்கும், உள்நாட்டின் தானியத்தைக் கடற்கரைக்கும் கொண்டுசென்று விற்றவர்கள். உப்பின்மேல் அரசாங்கத்தின் கட்டுப்பாடு இறுகியது, புகைவண்டி வந்து பொதிமாட்டின் வேலையைப் பறித்தது, காடுகள் அடைக்கப்பட்டன. பிழைப்பு போனபின் அலைந்தவர்களை நோக்கி, நீங்கள் அலைவதே குற்றத்தின் அடையாளம் என்றார்கள். ஒரு தொழிலைக் கெடுத்துவிட்டு, தொழிலில்லாதவன் திருடன் என்று சொல்வது எவ்வகை நியாயமோ நமக்கு விளங்கவில்லை.

குண்டூர்ச் சீமையில் பாபட்லாவுக்கு அருகே 1913இல் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பு எருகுலருக்கென அமைக்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு இரட்சணிய சேனையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரியோரைத் திருத்துவது கடினம், பிள்ளைகளைப் பிரித்தெடுத்து வளர்த்தால் குலமே திருந்தும் என்பது அக்காலத்தில் இத்தகைய குடியிருப்புகளை நடத்தியோரின் கொள்கையாக இருந்தது. பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஹுப்பள்ளியிலும் இவ்வாறான குடியிருப்பு ஒன்று இருந்தது. கர்நாடகத்தில் வாழும் நமக்கு அது தொலைவான ஊர் அன்று. அப்பகுதியைச் செட்டில்மெண்ட் என்று அழைக்கும் வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது.

பறையர் குலத்தில் பிறந்து தம்மம் தழுவிய குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் ஒன்றை அறிய வேண்டும். சென்னை மாகாணத்தின் குற்றப் பரம்பரைப் பட்டியலில் வேப்பூர்ப் பறையரும் இருந்தனர். ஆகவே இது வேறு யாருடைய கதையோ அன்று. கோலார் தங்கவயலில் உழைத்த நம் முன்னோர், 1930ஆம் ஆண்டு விரல் ரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். உழைக்க வந்தவனைத் திருடனைப்போல ரேகை எடுப்பதா என்ற மானவுணர்ச்சி அதில் இருந்தது. அம்மானம் நமக்கு உண்டு எனின், பிறந்த குழந்தையோடு பதிவேட்டிலேற்றப்பட்டவர்களுக்கும் அது உண்டன்றோ? அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலின் முன்னுரையில், தீண்டப்படாதாரையும் பழங்குடியினரையும் குற்றப் பரம்பரையினர் எனப்பட்டோரையும் ஒருசேர வைத்தே பேசுகிறார். இவர்களை உண்டாக்கிய நாகரிகத்தை நாகரிகம் என்று சொல்வதெப்படி என்பது அவர் எழுப்பும் வினா.

பிறப்பினால் திருடன் என்று ஒருவன் இருக்க முடியுமா? வாசெட்ட சூத்திரத்தைக் கற்றவர்கள் இதற்கு உடனே விடை சொல்வர். உழுபவன் உழவன், கொடாததை எடுத்துப் பிழைப்பவன் கள்வன். அவரவர் செய்கையினாலன்றிப் பிறப்பினால் எவருக்கும் அப்பெயர் இல்லை என்பது பகவானின் போதனை. இன்னும் ஒருபடி மேலே சென்று அங்குலிமாலரை நினைப்போம். அவர் கைகளில் உண்மையாகவே இரத்தம் இருந்தது. அவரைப் பிடிக்கப் படையோடு புறப்பட்ட பசேநதி அரசர், அவர் துறவு பூண்டு அமர்ந்திருப்பதைக் கண்டு வணங்கினார். கொலை செய்தவருக்கு அன்று கிடைத்த மரியாதை, ஒன்றுமே செய்யாத ஆறு வயதுப் பிள்ளைக்கு 1911இல் கிடைக்கவில்லை.

இக்கொடுமை நம் நாட்டோடு நிற்கவில்லை. கனடா நாட்டில் 1880களிலிருந்து ஏறத்தாழ 1996 வரை, அந்நாட்டின் ஆதிக்குடிகளின் பிள்ளைகள் 1,50,000க்கு மேற்பட்டோர் உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். அரசாங்கம் பணம் கொடுத்தது; கிறிஸ்தவ சபைகள் நடத்தின. தாய்மொழியைப் பேசியதற்காக அடி விழுந்தது. வீடு திரும்பாமலே அங்கு இறந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். 1973இல் ஆறு வயதுச் சிறுமியொருத்தி, பாட்டி வாங்கித்தந்த புதிய செம்மஞ்சள் நிறச் சட்டையோடு பள்ளிக்குச் சென்றாள். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவேயில்லை. அதன் நினைவாக ஆண்டுதோறும் செப்டம்பர் 30ஆம் நாள் அங்குள்ளோர் செம்மஞ்சள் சட்டை அணிகின்றனர். 2021 முதல் அது தேசிய நினைவு நாளும் ஆகியுள்ளது. கனடாவில் குடியேறிய தமிழர் பலர் இருத்தலின், நம் உறவினர் சிலரும் அன்று அச்சட்டையை அணியக்கூடும். ஆஸ்திரேலியாவிலும் இவ்வாறே பிள்ளைகள் பறிக்கப்பட்டனர்.

இவ்விரு நாடுகளிலும் பின்னர் மன்னிப்புக் கேட்கப்பட்டது. 2008 பிப்ரவரி 13இல் ஆஸ்திரேலியப் பிரதமரும், அதே ஆண்டு ஜூன் 11இல் கனடாவின் பிரதமரும் நாடாளுமன்றத்தில் கேட்டனர். போப் பிரான்சிஸ் 2022 ஜூலை 25இல், முதிர்ந்த வயதில், சக்கர நாற்காலியில் கனடாவுக்குச் சென்று, பழைய பள்ளியொன்று இருந்த இடத்திலேயே ஆதிக்குடிகளின் முன் மன்னிப்புக் கேட்டார். அது போதாது என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையும் உண்டு. நம் நாட்டிலோ 1952 ஆகஸ்டு 31இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அந்நாளை விடுதலை நாளாக அம்மக்கள் கொண்டாடுகின்றனர். ஆனால் சட்டம் போன இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள் மாநிலந்தோறும் வந்து அமர்ந்தன. சிறைவிதிகளில் இம்மக்களைப் பிறப்பினால் குற்றவாளிகளாகக் கருதும் பகுதிகள் 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை இருந்தன. பறிக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தேடி எடுத்து, அவர்கள் குடும்பத்தார் முன் நின்று மன்னிப்புக் கேட்கும் காரியம் இங்கே நடைபெறவில்லை.

கிறிஸ்தவ சபைகளின்மேல் கல்லெறிவதற்காக இதை எழுதவில்லை. நம் முன்னோர் பலர் எழுத்தறிந்தது பாதிரிமார் பள்ளிகளிலேதான். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றை அடுத்துப் பறையர் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறந்ததையும் நாம் நன்றியோடு சொல்கிறோம். அங்கெல்லாம் தாய் தலைவாரி அனுப்பினாள். மாலையில் பிள்ளை அவளிடமே திரும்பியது. அதே சிலேட்டு, அதே அரிச்சுவடியாயினும் அது வேறு கல்வி.

நம் நூல்களையும் இங்கே நேர்மையோடு பார்க்கவேண்டும். வெஸ்ஸந்தர ஜாதகத்தில், போதிசத்துவராகிய இளவரசர் தம் பிள்ளைகள் ஜாலியையும் கண்ஹாஜினாவையும் ஜூஜகன் என்னும் கிழவனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார். தாய் மத்தி அப்போது காட்டில் கனி பறிக்கச் சென்றிருந்தாள். அவளைக் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்து இரவெல்லாம் பிள்ளைகளைத் தேடுகிறாள். ஜூஜகனோ பிள்ளைகளைக் கொடியால் கட்டி அடித்து இழுத்துச் செல்கிறான். இது நல்ல தானமா என்று மிலிந்த அரசரே நாகசேனரிடம் கேட்டுவிட்டார். நாகசேனர் தானத்தின் பக்கம் நின்று விடை சொன்னார். அவ்விடையை ஏற்போர் ஏற்கட்டும். இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நம் மனம் மத்தியோடு காட்டிலேயே நின்றுவிடுகிறது. கதையுங்கூடப் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவராமல் முடியவில்லை. பாட்டனார் பொன் கொடுத்து அவர்களை மீட்கிறார். எவ்வாறாயினும் முற்பிறவிக் கதை நமக்கு நடைமுறைச் சட்டம் அன்று. பகவான் தம் வாயால் விதித்தது வினயம். அதில் தாய்தந்தையரைக் கேட்டே ஆகவேண்டும்.

இனி, தவறு நேர்ந்தபின் என்ன செய்வது? இதற்கும் வினயத்தில் வழி இருக்கிறது. சுள்ளவக்கத்தில் சுதம்ம தேரர் என்பவரின் வரலாறு வருகிறது. மச்சிகாசண்டம் என்ற ஊரில் சித்த கிருகபதி என்னும் உபாசகர் இருந்தார். அவர் தம்மைக் கேளாமல் வேறு தேரர்களை விருந்துக்கு அழைத்துவிட்டார் என்ற கோபத்தில், விருந்துப் பண்டங்களைப் பார்த்த சுதம்மர், எல்லாம் இருக்கிறது, எள் பணியாரம் ஒன்றுதான் இல்லை என்றார். கேட்பதற்குச் சிறு சொல். ஆனால் அந்த உபாசகரின் முன்னோருள் ஒருவர் பணியாரம் விற்றவர். பிறப்பைச் சுட்டி இழித்த சொல் அது என்று உரையாசிரியர் விளக்குகிறார். செய்தி சாவத்தியிலிருந்த பகவானுக்கு எட்டியது. சங்கம் கூடி, சுதம்மர் அவ்வில்லறத்தாரிடம் சென்று மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தீர்மானித்தது.

சுதம்மர் சென்றார், கூச்சத்தினால் வாய் திறவாமல் திரும்பிவிட்டார். அதன்பின் அவருக்கு ஒரு துணைப் பிக்குவைக் கொடுத்து அனுப்புமாறு பகவான் ஏற்பாடு செய்தார். முதலில் குற்றம் செய்தவருக்காகத் துணைவர் கேட்கவேண்டும். மன்னிக்காவிடில், தாமே கேட்பதாகக் கேட்கவேண்டும். அதற்கும் இசையாவிடில், சங்கத்தின் பெயரால் கேட்கவேண்டும். அப்போதும் மன்னிக்காவிடில், அந்த இல்லறத்தாரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்திலேயே குற்றம் செய்தவர் குந்தி அமர்ந்து, கைகூப்பித் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னித்தே தீரவேண்டும் என்று எவரும் சித்த கிருகபதியைக் கட்டாயப்படுத்தவில்லை. மன்னிப்பது அவர் உரிமை. கேட்பது சுதம்மரின் கடமை.

பணியாரத்தின் பெயரைச் சொன்னதற்கே இவ்வளவு. நாம் என்ன சொல்கிறோம்? நம் வீடுகளில், பிள்ளை முரடாய் நடந்தால் குறவன் போல என்கிறோம். அழுக்காயிருந்தால் குறத்தி என்கிறோம். சாதியை ஒழித்தோம் என்று திரிசரணம் சொன்ன வாயே இதையும் சொல்கிறது. பறையன் என்ற சொல் வசையாக எறியப்பட்டபோது எங்கே தைத்தது என்பதை அறிந்த குடும்பங்கள் நாம். மன்னிப்புக் கேட்பதென்று வந்தால் கேட்கவேண்டியவர் வரிசையில் நாமும் நிற்கிறோம்.

இப்பாடத்தை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பன்னேர்கட்டாவை அடுத்து ஹக்கிப்பிக்கி மக்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊசி, பாசிமணி விற்கும் நரிக்குறவருக்கு மொழியால் உறவினர் இவர்கள். முன்னே சொன்ன குறவர் வேறு, இவர்கள் வேறு. இம்மக்களையும், நகரத்தில் அலைந்து பிழைக்கும் பிறரையும் கண்டு இரங்கும் நம் அன்பர்கள், அவர்களுடைய பிள்ளைகளை எடுத்துவந்து, ஒரு விடுதி அமைத்து, நல்ல உணவும் உடையும் கொடுத்து, பஞ்சசீலம் கற்பித்து வளர்த்தால் என்ன என்று அவ்வப்போது பேசுவதுண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஸ்டூவர்ட்புரத்தில் பணிசெய்தவர்களுள்ளும் நல்லெண்ணம் உடையவர்கள் இருந்திருப்பார்கள். எடுத்துவந்து என்ற சொல்லிலேயே நமக்குத் தடை. அச்சூழலிலிருந்து பிரித்தாலொழியத் திருந்தமாட்டார்கள் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொல்லக் கேட்டபோது, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் குரலையே கேட்டதுபோல் இருந்தது.

விடுதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாய்தந்தையர் தாமே வந்து கேட்டால் அது வேறு. ஆனால் பசியினால் தலையசைப்பது இசைவு ஆகாது. வேண்டாம் என்று சொன்னாலும் அவர்களுக்குச் செய்யும் உதவி நிற்காது என்பது தெரிந்தபின் சொல்லும் சம்மதமே சம்மதம். நினைத்தபோது பிள்ளையைப் பார்க்கவும் அழைத்துச் செல்லவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். பிள்ளை தன் வீட்டு மொழியை மறக்கலாகாது. இவ்வளவுக்கும் முன்னால், அவர்கள் குடியிருப்பின் அருகிலேயே மாலை வகுப்பு வைத்தால் போதுமா என்று அவர்களையே கேட்கவேண்டும். அவர்களுடைய முதியோர் சட்டத்தின் காலத்தைப் பற்றியோ காவலரைப் பற்றியோ பேச விரும்பினால் அதையும் இருந்து கேட்கவேண்டும். பேச விரும்பாவிடில் வற்புறுத்தலாகாது.

இதற்கென ஒரு கூட்டம் கூட்டலாம் என்று முடிவாயிற்று. அவர்களை நம் மண்டபத்திற்கு வரவழைப்பதா, நாம் அங்கே செல்வதா என்று அன்பர் சிலர் கேட்டார்கள். சுதம்மர் சாவத்தியிலிருந்து மச்சிகாசண்டத்திற்கு நடந்து சென்றார்; சித்த கிருகபதியைச் சாவத்திக்கு வரச் சொல்லி ஆளனுப்பவில்லை.